கசக்கிய தாளில் ஒரு வாழைத்தோட்டம்

நீர்வேலி தெற்கு,
04.08.2024

அன்புள்ள அண்ணை,

நானும் இவரும் தாரிகாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். அண்ணியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. தபாற்காரர் சுருளை நீட்டி, "என்ன அக்கா, கனடாவிலை இருந்து பாய் வந்திருக்கோ?" என்று கேட்டார். இவர் ஒரு தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, "உது ஊதினாப் பறந்துபோம். உதிலை என்ன படத்தைக் கீறப்போறீர்?" என்றார். அரிசித்தாள் என்று பெயர்தான், அதில் அரிசி இல்லை, மரப்பட்டையில் செய்வது என்று சொன்னேன். "அப்ப மரத்தைத்தான் கீறவேணும்" என்றுவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார்.

இங்கே திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்டப் படம் கீறப் பழக்குகிற கஜந்தினி என்ற பிள்ளையைப் பற்றி உங்களுக்கு எழுதவில்லை. தாரிகாவைவிட ஐந்தாறு வயதுதான் கூட. புதன்கிழமைகளில் தாரிகா பல்கலைக்கழகம் போகும்போது நானும் அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறிவிடுகிறேன். தாய் பின்னால், மகள் முன்னால். கோப்பாய்ச் சந்தியில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

கஜந்தினி பழக்குவது தாளில் செய்கிற பத்திக். மெழுகை ஒரு பேணியில் போட்டு, பேணியைக் கொதிதண்ணீரில் வைத்து உருக்கவேண்டும். தூரிகையால் மெழுகு பூசின இடத்தில் வர்ணம் பிடிக்காது. ஒரு வர்ணம், காய்ந்ததும் மெழுகு, பிறகு இன்னொரு வர்ணம், மறுபடி மெழுகு. நான் முதன்முதலில் கீறியது எங்கள் வளவு வாழைப்பொத்தி, மடல் மூடிய பூ. தாள் முழுவதும் மெழுகு ஏறியதும் கஜந்தினி வந்து பார்த்தாள்.

"வடிவாய் வந்திருக்கு அன்ரி. இனிக் கசக்குங்கோ."

"எதைப் பிள்ளை?"

"படத்தைத்தான். கசக்கினாத்தான் மெழுகு வெடிக்கும். வெடிப்புக்குள்ளை கடும் நிறம் இறங்கும்."

என்னால் முடியவில்லை, அண்ணை. பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்னதுபோல நின்றேன். கடைசியில் அவளே என் இரண்டு கைகளையும் பிடித்து அமத்தினாள். மெழுகு நொறுங்கிய சத்தத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு கடும் நிறம் பூசிக் காயவிட்டு, பழைய பேப்பர்களுக்கு நடுவில் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தோம். மெழுகெல்லாம் பேப்பரில் ஊறிப்போக, உள்ளே இருந்து பொத்தி வந்தது. நான் கீறாத நரம்புகள் அதன் மடல் எல்லாம் ஓடின.

அதை உங்களுக்கென்று மடித்து இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
உதயகலா

*

ஸ்காபரோ,
01.09.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் தன்பாட்டில் நோகிறது, நான் என்பாட்டில் நடக்கிறேன். அண்ணி சுகம்.

பிழையா? கலா, உன் பொத்தியைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நான் எங்கே போனேன் தெரியுமா? தாள் வாங்கின சீனாக்காரர் கடைக்கு. அந்த அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இருந்த புருசனைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மாறி மாறி ஏதோ சொன்னார்கள். பாதி என் காதில் விழவில்லை. மீதி அவர்களுடைய முகத்தில் இருந்தது. "என் தங்கச்சி" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன். திரும்பி வரும்போது முழங்கால் நோகவில்லை.

இப்போது அது சட்டம் போட்டு விறாந்தையில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து முடிக்கும்வரை தேத்தண்ணி கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் கதைக்கலாமே என்று அண்ணி ஏசுகிறாள். நான் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலை என் வலக்காதைத் தின்றுவிட்டது. இடக்காதில் கருவி. போனைக் கிட்டக் கொண்டுபோனால் அது விசில் அடிக்கிறது. உன் குரலைக் கேட்க ஆசைதான். ஆனால் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டு இருப்பதைவிட உன் எழுத்தை நாலு தரம் வாசிப்பது நல்லது. ஆகவே எழுது, படமும் அனுப்பு.

மச்சான் இராசநாயகத்தை நான் கேட்டதாகச் சொல். தாரிகாவுக்கு என் முத்தம்.

அண்ணன்,
சுதாகரன்

*

நீர்வேலி தெற்கு,
13.10.2024

அன்புள்ள அண்ணை,

நவராத்திரி நேற்றோடு முடிந்தது. எல்லாரும் நல்ல சுகம். சரஸ்வதி பூசையில் புத்தகங்களோடு என் தூரிகைகளையும் தாரிகா வைத்துவிட்டாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

ஒரு செய்தி. மாசி மாதம் திருநெல்வேலியில் ஒரு மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். கஜந்தினியிடம் பழகுகிறவர்களில் என்னுடைய படங்கள்தான் கூட வைக்கப்போகிறார்களாம். நடுச்சுவர் எனக்கு. "எனக்கேன் பிள்ளை நடுச்சுவர்? ஒரு மூலை காணும்" என்றேன். "மூலையிலை வைச்சால் சனம் மூலையிலை போய் நெரிபடும் அன்ரி" என்றாள்.

போன மாதம் எங்களைக் காங்கேசன்துறைக்குக் கூட்டிப்போனாள். இந்தியாக் கப்பல் புறப்படுகிற நேரம். கப்பல் போன பிறகும் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தடம் கனநேரம் அழியாமல் கிடந்தது. அதைக் கீறியிருக்கிறேன். துறைமுகத்துக் கம்பியில் இருந்த மீன்கொத்தியையும் கீறினேன். அதன் நீலத்தை எடுக்க இரண்டு தாள் வீணாகிவிட்டது. கோபிக்காதீர்கள்.

இதைக் கேளுங்கள். போன ஞாயிறு இவர் சாப்பிட்டுக்கொண்டே, "கடலைக் கீறினீர். குருவியைக் கீறினீர். என்ரை தோட்டம் உமக்கு என்ன செய்தது?" என்று கேட்டார். நான் சோற்றுக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இவர் இப்படிக் கேட்டதே இல்லை. இந்த முறை தோட்டம் அப்படி, அண்ணை. கப்பல் இன வாழை எல்லாம் பொங்கலுக்கு வெட்டுகிற பருவத்தில் குலை தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு குலையும் தூக்க ஆள் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்த இடத்தில் இருந்து கீறினால் நல்லது என்று இவரே இடம் பார்த்து, கிணற்றடிக்குக் கிட்டக் கதிரை கொண்டுவந்து போட்டார். பென்சிலால் அளவு எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய தாளில் செய்யப்போகிறேன். நடுச்சுவருக்கு அதுதான்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

உதயகலா

*

ஸ்காபரோ,
09.11.2024

கலாவுக்கு,

குளிர் வந்துவிட்டது. கருவிக்கு மேல் கம்பளித் தொப்பி. இப்போது எனக்கு இன்னும் நிம்மதி, ஒருவர் சொல்வதும் கேட்காது.

நடுச்சுவர்! கோயிலில் ஐயருக்குச் சொன்னேன். மரக்கறிக் கடையில் சொன்னேன். பல் வைத்தியர் வாய்க்குள் கையை வைத்திருந்தபோதும் சொன்னேன்.

இராசநாயகம் தானாகக் கேட்டாரா? உன் கலியாண வீட்டில் நான் நீட்டின சோடாவைக்கூட வாங்காமல் "நான் பிறகு வாங்கிக் குடிக்கிறன்" என்ற மனிசன். அவர் கேட்டால் அது பெரிய விசயம். நன்றாகச் செய்.

இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகக் கதை. என் கடிதம் பிந்தினால் பயப்படாதே. மழைக்காலம், கவனமாய் இருங்கள்.

அண்ணன்

*

நீர்வேலி தெற்கு,
10.12.2024

அன்புள்ள அண்ணை,

நாங்கள் மூவரும் சுகம். செய்தியில் புயல் என்று பார்த்துப் பயந்திருப்பீர்கள். தாரிகாவின் போனுக்கு அண்ணி கோல் எடுத்தாராம். வீட்டு ஓடு ஒன்றும் கழலவில்லை. கிணறு நிரம்பி வழிகிறது. தாரிகாவுக்குச் சோதனையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இவர் சுகம். வேலையாக இருக்கிறார்.

நானும் கீறிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரிய படத்துக்கு முன் கைபழகச் சின்னத்தாளில் ஒன்று செய்தேன். வாழைதான். இதற்குள் வைத்திருக்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதயகலா

*

ஸ்காபரோ,
24.01.2025

என் தங்கச்சி கலாவுக்கு,

எங்களுக்குச் சுகம்தான். உங்கள் சுகத்தை இந்த முறை உண்மையாக எழுது.

வேலைநிறுத்தத்தால் உன் கடிதம் இந்தக் கிழமைதான் வந்தது. கடிதம் சின்னது. வாசித்து முடித்துவிட்டுப் படத்தை விரித்தேன். முதலில் பச்சையும் மண்ணிறமுமாக ஏதோ நாடா ஓடுவதுபோல இருந்தது. அழகாயிருந்தது. சட்டம் போடலாம் என்று யன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். வெளியே பனி. பின்னால் இருந்து வெளிச்சம் வந்தபோதுதான் பார்த்தேன்.

நிற்கிற வாழையில் இலை நாலு பக்கமும் விரியும். உன் படத்தில் எல்லா இலையும் சீப்பால் இழுத்ததுபோல ஒரே பக்கம் கிடக்கிறது. தொங்குகிற குலையில் காய் மேல்நோக்கி வளையும். உன் குலை மண்ணில் முகம் குத்திக் கிடக்கிறது. எங்கள் ஐயாவின் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்தவனடி நான்.

தோட்டம் விழுந்துவிட்டதா, கலா?

நீ எழுதாமல் விட்டது ஏன் என்றும் விளங்குகிறது. இராசநாயகம் எழுதவேண்டாம் என்றிருப்பார். அவர் மனம் எனக்குத் தெரியும். நான் கேட்காமல் ஒன்றும் அனுப்பமாட்டேன், அவரிடம் சொல். அவருடைய தோட்டத்தை அவர் எழுப்புவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ கீறினதில் இதுதான் பெரிய படம், அளவில் சின்னதென்றாலும். அண்ணி யன்னலுக்கு முன்னால் நின்று வெங்காயம் உரித்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

எல்லாம் எழுது.

அண்ணன்

*

நீர்வேலி தெற்கு,
09.02.2025

அன்புள்ள அண்ணை,

உடம்புக்கு எங்கள் எல்லாருக்கும் சுகம். அது பொய்யில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்து அழுதேன். இவர்தான் எழுதவேண்டாம் என்றார். "உம்மடை அண்ணர் கேள்விப்பட்டால் உடனை ஏதாவது அனுப்பிப்போடுவர். நான் கையேந்தி நிக்கேலாது." ஆனால் உங்களிடம் மறைத்துக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கை வாழையைக் கீறிவிட்டது.

கார்த்திகை நடுப்பகுதியில் ஒருநாள் காலையில் இருந்தே காற்று ஏறத் தொடங்கியது. இவர் கிடைத்த தடியெல்லாம் கொண்டுபோய் வாழைக்கு முட்டுக் கொடுத்தார். வேலிக்கம்பு, பந்தல்கால், என் கொடிக்கயிற்றுக் கம்பு, ஒன்றும் மிச்சமில்லை. நானும் கூடப் பிடித்தேன். "நீர் வீட்டை போம்!" என்று கத்தினார். போகவில்லை. பின்னேரம் காற்று மற்றப்பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். எங்கள் கண்ணுக்கு முன்னால் வரிசை வரிசையாகப் படுத்தது. தடிகள் நின்றன, வாழைகள் இல்லை. இவர் மழைக்குள் நின்றார். கூப்பிட்டால் திரும்பவில்லை.

பொங்கல் வாழைக்குலை நாங்கள் கடையில் வாங்கினோம், அண்ணை.

நான் கண்காட்சிக்கு புயலுக்கு முன் எடுத்த பென்சில் அளவை வைத்து நிற்கிற தோட்டத்தைத்தான் கீறப் பார்த்தேன். கலண்டர் படம் மாதிரி வந்தது. கிழித்துப்போட்டேன். பிறகு பெரிய தாளை விரித்துப் பார்த்ததைக் கீறினேன். கடைசியில் கசக்குகிறபோது ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. நானே கசக்கினேன், பலமாக.

இவர் அதை மேசையில் கண்டார்.

"உதென்ன?"

"தோட்டம்."

"எங்கடையோ?"

"ஓம்."

"நான் கீறச் சொன்னது உதையோ?"

நான் படத்தின் ஓரத்தை நீவினேன்.

"நான் தோத்துப்போய் நிண்டதைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சுவரிலை மாட்டப்போறீர். சனம் வந்து, ஐயோ பாவம், ஆரின்ரை தோட்டமெண்டு கேக்கும். என்ன சொல்லுவீர்?"

"உள்ளதைச் சொல்லுவன்."

சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு "சாப்பாடு", "தண்ணி" தவிர வேறு கதை இல்லை.

கஜந்தினி வந்து பார்த்துவிட்டு, நடுச்சுவருக்கு வேறு ஒன்றும் சரிவராது என்கிறாள். தாரிகாவும் அதையே சொல்கிறாள். எனக்கும் தெரியும். நான் கீறினதில் இவ்வளவு சரியாக ஒன்றும் வந்ததில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் அதைக் கொண்டுபோகமாட்டேன். படம் என்னுடையது. தோட்டம் அவருடையது.

இருபத்திரண்டாம் திகதி கண்காட்சி. உங்கள் பதில் அதற்கு முன் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை,
உதயகலா

*

ஸ்காபரோ,
27.02.2025

கலாவுக்கும் இராசநாயகத்துக்கும்,

இருவரும் சுகமாய் இருங்கள். நாங்கள் இருக்கிறோம்.

எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். அதனால் புத்தி சொல்கிற தொல்லை எனக்கு இல்லை. கலா, அந்தப் படம் அறைக்குள் இருந்தாலும் அது உன் படம்தான். மச்சான், அந்தக் காற்றுக்குள் தடி நட்ட உங்களை நான் கண்டதில்லை. ஆனால் நீங்கள் "வீட்டை போம்" என்று சொல்லியும் என் தங்கச்சி போகாமல் நின்றாள் என்று வாசித்தபோது, அவளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

என்ன நடந்தது? ஒருவராவது எழுதுங்கள். தபால்பெட்டியைத் திறந்து திறந்து கைப்பிடி கழன்றுவிடும்போல இருக்கிறது.

சுதாகரன்

*

நீர்வேலி தெற்கு,
16.03.2025

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டில் அக்காவும் நோய்நொடியின்றி வாழ நீர்வேலிப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. கலா பதில் எழுதப் பேனை எடுத்தாள். நான் எழுதுகிறேன் என்று வாங்கினேன். நான் கடிதம் எழுதுவது குறைவு. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

தோட்டத்தைத் துப்புரவாக்கிப் புது வாழைக்குட்டிகள் நட்டுவிட்டேன். மண் நல்ல ஈரம்.

கண்காட்சி அன்று காலையில் கலாவும் தாரிகாவும் ஓட்டோவில் மற்றப் படங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் தோட்டத்தில் நின்றேன். தேத்தண்ணி குடிக்க வந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. அந்தப் பெரிய படம் மட்டைப்பலகையில் ஒட்டினபடி சுவரோடு சாத்தியிருந்தது. முகம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் மனிசி செய்த ஒன்று சுவரைப் பார்த்து நிற்பதா? நான் அப்படிச் சொல்லவில்லையே என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்ததுதான் அப்படி ஆக்கியது என்று பிறகு விளங்கியது.

லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வாழைச்சருகு பரப்பி, அதில் படத்தைக் கிடத்தி, மேலே படங்குச் சீலை போட்டுக் கட்டினேன். சந்தைக்குக் குலை ஏற்றுகிற அதே பெட்டிதான். குலைக்குக்கூட நான் அவ்வளவு மெதுவாக ஓட்டினதில்லை. மண்டப வாசலில் கார்களுக்கு நடுவில் நிறுத்தினேன். கலா வெளியே வந்து பார்த்தாள். நான் ஒரு பக்கம் பிடிக்க அவள் மறுபக்கம் பிடித்தாள். நடுச்சுவர் வெறுமையாக இருந்தது. கஜந்தினிப் பிள்ளை அதில் வேறு ஒன்றும் மாட்ட விடவில்லையாம்.

நான் வெளியே போக நினைத்தேன். அப்போது ஒரு வயதுபோன ஐயா படத்தைப் பார்த்து, "பாவம், தோட்டக்காரன் முட்டுக் குடுக்காமல் விட்டிட்டான் போலை" என்றார். எனக்குக் காது சுட்டது. நான் வாய் திறக்கமுன் கஜந்தினி சொன்னாள்.

"இல்லை ஐயா, வடிவாய்ப் பாருங்கோ. வெள்ளையாய் நிக்கிறதெல்லாம் முட்டுத்தடி. இந்த வேலையிலை ஒண்டு கடைசிவரைக்கும் வெள்ளையாய் இருக்கவேணுமெண்டால், ஒரு நிறமும் படுறதுக்கு முந்தி அதுக்கு மெழுகு பூசவேணும். அன்ரி வாழையைக் கீறமுந்தித் தடியளைத்தான் கீறினவ."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன், மச்சான். வீட்டில் பார்த்தபோது விழுந்த வாழைகள்தான் என் கண்ணில் பட்டன. என் தடிகள் எல்லாம் அங்கே இருந்தன. கவர் பிரிந்த கம்பு வைத்த இடத்தில் கவர்க்கம்பு. கொடிக்கயிற்றுக் கம்பு, அதில் நான் போட்ட முடிச்சு. மழைக்குள் கட்டின ஒரு கட்டையும் அவள் விடவில்லை. மெழுகு வெடித்த கோடு தோட்டமெல்லாம் காற்றுப்போல ஓடுகிறது. தடிகளுக்குள் மட்டும் ஓடவில்லை. அதற்கு ஏதோ தனிக் கைப்பக்குவம் செய்தாளாம். எனக்கு விளங்கவில்லை.

அந்த ஐயாவிடம், "தடி நட்டது நான்தான் ஐயா" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அதன்பிறகு நான் வெளியே போகவில்லை. வந்த சனத்துக்கெல்லாம் எந்தப் பக்கத்தால் காற்று வந்தது, எப்படித் திரும்பியது என்று நானே சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. கலா சோடா வாங்கித் தந்தாள், குடித்தேன்.

ஒருவர் படத்தை விலைக்குக் கேட்டார். கலா என்னைப் பார்த்தாள். "உம்மடை படம், நீர் சொல்லும்" என்றேன். "இப்ப இல்லை" என்றாள். அது எங்கள் வீட்டில் இருக்கிறது, முகத்தை இந்தப் பக்கம் பார்த்து. ஒரு வேண்டுகோள். கலாவுக்குத் தாள் முடிந்துவிட்டது. இருக்கிறதில் பெரிய தாள் எதுவோ அதை அனுப்பிவையுங்கள். நான் கேட்டதாகவே இருக்கட்டும்.

பின்னேரம் ஒரு பத்திரிகைக்காரப் பிள்ளை வந்து எங்களைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தது. கலாவின் பெயரை எழுதிக்கொண்டு, "ஐயா, நீங்கள் ஆர்?" என்று என்னைக் கேட்டது. ஊரில் இத்தனை வருடமும் கலாவை எல்லாரும் இராசநாயகத்தின்ரை மனிசி என்றுதான் சொல்வார்கள். நான் சேட்டில் ஒட்டியிருந்த வாழைச்சருகைத் தட்டிவிட்டு, "நான் உதயகலாவின்ரை மனிசன்" என்றேன்.

அப்படியே பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் காட்டவும்.

தங்கள் அன்புள்ள,
இராசநாயகம்